அனுமதியற்ற மழை

எங்கள் விளையாட்டில் மழை கிடையாது.
பதினேழு வட்டாரம், நாலாயிரம் கதவு,
நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடும் கடைகள்,
கோப்பிக்கடை மேசைக்கடியில் வாலாட்டும் பூனைகூட உண்டு.
மழைக்கு மட்டும் பட்ஜெட் இல்லை என்று
முந்தைய தயாரிப்பாளர் குறிப்பு எழுதிவைத்துவிட்டு
வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

மழையைச் செய்தவன் ஃபைருஸ்.
அப்போது அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது,
‘ஈரச்செருப்பு’ என்றுதான் தெரியும்.
இலவசம். யாரும் இறக்கிக்கொள்ளலாம்.
பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வெளிச்சம் மஞ்சளாகும்.
பிறகு ஒரு காற்று.
பிறகு புளோக்கின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்து
முகம் தெரியாத கைகள் நீண்டு
துணி காயும் மூங்கில் கழிகளை உள்ளே இழுக்கும்.
பத்தாவது மாடியில் ஒருத்தி மட்டும்
எப்போதும் தாமதம்.
அவள் கடைசிச் சட்டையை எடுத்த பிறகுதான்
முதல் துளி.

யீஷூனில், கதவைச் சாத்திக்கொண்டு,
நானும் அதைப் போட்டுத்தான் ஆடினேன்.
என் வேலை ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு
அதைத் தடுக்கிறது.

ஒன்-நார்த், பதினான்காம் மாடி.
கடிதத்தின் வரைவு என் மேசைக்கு வந்தது.
சட்டப்பிரிவு ஹுவீ லிங் கெட்டவள் இல்லை,
மீன் சூப் வாங்கினால் பாதி மீன் எனக்குத் தருவாள்.
“பூட்டை உடைத்திருக்கிறான்” என்றாள்.
உண்மை. உடைத்திருந்தான்.
“நம் சுவர்களை எடுத்து நனைத்திருக்கிறான்.”
அதுவும் உண்மை.
“கோப்பிக் காசு என்று உண்டியல் வேறு.”
ஆண்டு முழுக்க அதில் விழுந்தது
நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
நான் வாதாடவில்லை.
ஒரு காற்புள்ளியை இடம் மாற்றி
திருப்பி அனுப்பினேன்.
அந்த வாக்கியத்தை இப்போது
தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் சிரிப்பு வருகிறது:
அனுமதியற்ற மழைப்பொழிவை
ஏழு வேலை நாள்களுக்குள் அகற்றவும்.

ஐந்தாம் நாளே அகற்றிவிட்டான்.
அன்று வெளியே மழை கொட்டியது என்று எழுதினால்
கவிதைக்கு நன்றாக இருக்கும்.
கொட்டவில்லை.
ஏர்கான் ஒழுகி
அச்சுப்பொறிக்கடியில் வாளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரம் விளையாட்டின் நடுச்சதுக்கத்தில்
ஆட்டக்காரர்கள் குடை விரித்து நின்றார்கள்.
முந்நூறு, அப்புறம் இரண்டாயிரம்.
எங்கள் கடையிலேயே விற்ற குடை,
எதற்கும் உதவாமல் வெறும் அழகுக்கு வைத்தது.
வெயிலில், நகராமல், பேசாமல்.
சர்வர் திணறியது.
அடுத்த பதிப்பில்
குடையையும் எடுத்துவிட்டோம்.

எட்டு மாதம் கழித்து
‘பருவமழைத் தொகுப்பு’ விற்பனைக்கு வந்தது.
ஆறு வெள்ளி தொண்ணூறு காசு.
குடை தனியாக.
குறை சொல்லக்கூடாது, நல்ல மழை.
மூன்று விதமான இடி,
தேங்கிய நீரில் தலைகீழாய் விளம்பரப் பலகைகள்.
அதைச் செய்த பையன்கள்
நாலு வாரம் வீட்டுக்கே போகவில்லை.

வெளியான இரவு ஒரு மின்னஞ்சல்.
அனுப்பியவர்: ஃபைருஸ் பின் ரம்லி.
திட்டப்போகிறான் என்று
கொஞ்சம் ஆசையோடுதான் திறந்தேன்.
பிழை அறிக்கை.
பதிப்பு நான்கு புள்ளி இரண்டு.
வாங்கிய ரசீது எண் இணைப்பில்.
மழை தொடங்கிய பின்னும்
துணிகள் வெளியிலேயே கிடக்கின்றன.
எல்லா புளோக்கிலும்.
ஒவ்வொரு முறையும்.
பத்தாவது மாடிக்காரர் தாமதமாக வரட்டும்,
பரவாயில்லை,
ஆனால் யாராவது வரவேண்டும்.

பதிவு செய்தேன்.
வகை: துணி.
அவசரம்: குறைவு.
அந்தக் கட்டத்தில் வேறெதையும் தேர்வுசெய்ய
எனக்கு
அனுமதி இல்லை.